மேஸ்திரி வெந்தூரா வரைந்த அவமானப் படம்

எங்கள் ஊர் மொந்தாஸ்ப்ரோவில் ஓவியர் மேஸ்திரி வெந்தூராவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசினால் நகரசபைக்காரர்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். அவருக்கு இருபத்திரண்டு வருடம் முட்டை கொடுத்தவள் நான். என் பெயர் தெஸ்ஸா. கிழக்கு வாசல் காவலன் லாந்தோவின் பெண்டாட்டி. அவரைப் பற்றிப் பேச எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஓவியருக்கு எதற்கு முட்டை என்று கேட்கிறவர்கள் கோயிலில் கும்பிட்டதோடு சரி, படத்தைப் பார்த்ததில்லை. வண்ணப்பொடியை மஞ்சள் கருவில் குழைத்துத்தான் தீட்டுவார்கள். அதிலும் ஊருக்குள் வளரும் கோழியின் கரு வெளிறி இருக்கும். அது மாதாவுக்கும் தேவதூதர்களான சம்மனசுகளுக்கும். வயல்காட்டில் மேயும் கோழியின் கரு செக்கச் செவேலென்று இருக்கும். அது வெயிலில் காய்ந்த கிழவர்களுக்கு, அப்போஸ்தலர்களுக்கு. மாற்றிப் போட்டால் மாதா கதிர் அறுத்துவிட்டு வந்தவள் போலவும், அப்போஸ்தலர் நோயில் எழுந்தவர் போலவும் ஆகிவிடுவார்கள். என் கூடையில் இரண்டு முட்டையும் தனித்தனியாக, நடுவில் வைக்கோல் வைத்து இருக்கும்.

வெந்தூரா ஒரு சேணக்காரரின் மகன். அப்பா தைத்த சேணங்களில் பூ வரைந்து பழகி, சியேனாவுக்குப் போய் எட்டு வருடம் வேலை கற்று, இங்கே வந்து கடை போட்டார். எங்கள் ஊரின் சிலுவைகள், தேர்க்கொடிகள், மாதா படங்கள் எல்லாம் அவர் கை. அவர் மனைவி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். ஆண்டவரின் முதல் சீடர் இராயப்பரின் கோயிலுக்குள் தென்பக்கத் தரையில் அவளைப் புதைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வேறு கல்யாணம் செய்யவில்லை. பச்சை வெங்காயமும் ரொட்டியும் தின்று, ஊரோடு சண்டை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. ஒருமுறை கம்பளி வியாபாரி ஒருவர் கோயிலுக்கு மாதா படம் கொடுத்தார். படத்தின் ஓரத்தில் தானும் முட்டி போட்டுக் கும்பிடுவதாக வரையச் சொன்னார். வந்து பார்த்தால் மாதாவின் காலடியில் பூனை அளவுக்கு இருக்கிறார். "என்னய்யா, இத்தனூண்டு போட்டிருக்க?" என்று குதித்தார்.

"முட்டி போட்டா அந்த உயரந்தான் வரும். பெரிசா தெரியணும்னா சந்தையில நில்லுங்க. மாதா முன்னாடி எதுக்கு?" என்றார் வெந்தூரா. படம் அப்படியேதான் கோயிலுக்குப் போனது.

பஞ்சம் வந்தது. இரண்டு வருடம் விடாத மழை. கோதுமை கதிரிலேயே அழுகியது. சுற்றுக் கிராமத்து ஜனங்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் எங்கள் மதிலடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஊர்த் தானியம் ஊராருக்கு மட்டும், வெளியாள் ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்று நகரசபை உத்தரவு போட்டது. கிழக்கு வாசலின் சாவிகள் என் வீட்டுக்காரர் லாந்தோவிடம். பெரிய கதவுக்கு ஒன்று, அதற்குள் இருக்கும் திட்டிவாசலுக்கு ஒன்று.

நான்கு நாள் அவர் வாசலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிள்ளைகள் அழுவதைக் கேட்டார். ஐந்தாம் நாள் காலையில் அது கேட்கவில்லை. அதுதான் அவரை எழுப்பியது. பெரிய கதவைத் திறக்கத் துணிச்சல் வரவில்லை. திட்டிவாசலைத் திறந்தார். குனிந்து குனிந்து நாற்பத்து மூன்று பேர் உள்ளே வந்தார்கள். எனக்கு வயல்முட்டை கொடுக்கிறவர்கள்தான் பாதிப் பேர். கோழிகளைத் தின்று தீர்த்துவிட்டு வந்திருந்தார்கள். கோயிலில் நுழைந்தவர்களை வெளியே தள்ள யாருக்கும் தைரியம் இல்லாததால் அவர்கள் இராயப்பர் கோயிலிலேயே கிடந்து உயிர் பிழைத்தார்கள்.

தைரியம் லாந்தோ மேல் வந்தது. வாசலை விற்ற துரோகி என்றார்கள். அவர் யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை, விற்க என்ன இருந்தது? பிடிப்பதற்கு முன்பே கோவேறு கழுதைக்காரர்களோடு மலை தாண்டிப் போய்விட்டார். ஓடிப்போன துரோகிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நகர மண்டபத்தின் வெளிச்சுவரில் அவனைத் தலைகீழாகத் தொங்குவதாக வரைவார்கள். அவமானப் படம் என்று பெயர். படம் ஏறிவிட்டால் அவன் செத்தவனுக்குச் சமம். யார் கொன்றாலும் கேள்வி இல்லை. அவன் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். சபை கூடி அவன் குற்றத்தை ரத்து செய்தாலொழிய அந்தப் படத்தை அழிக்கவும் முடியாது. என் மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. படம் ஏறட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெந்தூரா மறுத்துவிடுவார் என்றுதான் நம்பினேன். அவமானப் படம் வரைகிறவனுக்கும் ஊரில் கெட்ட பெயர். புனிதர்களை வரைகிற கை அதைத் தொடாது என்று எத்தனையோ முறை சொன்னவர் அவர்.

நகரசபை நோட்டரி பாந்தினோ உத்தரவோடு கடைக்கு வந்த அன்று நான் பின்கட்டில் முட்டையை எண்ணிப் பானையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். காய வைத்த பலகைகளுக்குப் பின்னால் நான் இருப்பது அவனுக்குத் தெரியாது.

"கிழக்கு வாசல் லாந்தோ. ஆளுயரம். தலைகீழா," என்றான் பாந்தினோ.

வெந்தூரா முடியாது என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். "ஒத்தக் காலக் கட்டித் தொங்கவிடணுமா, ரெண்டு காலுமா?" என்று கேட்டார் அந்த மனுஷன்.

"பக்கத்துல கோட்டைய வித்த கேப்டன் ஒத்தக் கால்ல தொங்குறான். இவனுக்கு ரெண்டும் போடு."

"தூக்குமரம் உண்டா?"

"இல்லாம அந்தரத்துலயா தொங்குவான்? நட்டமா ஒரு கம்பு, குறுக்க ஒரு கட்டை."

"செருப்பு?"

"துரோகிக்கு என்னய்யா செருப்பு?"

"உடுப்பு?"

"நகரசபை குடுத்த நீலச் சட்டை. அதுக்கு மேல மஞ்சப் போர்வை சுத்திவிடு. காட்டிக் கொடுத்தவன் நிறம்ல அது."

"கையில?"

"சாவி. அதான குத்தமே. நல்லா பெரிசா தெரியணும்."

"ஒண்ணா, ரெண்டா?"

"வாசலுக்கு எத்தனையோ அத்தன."

"ரெண்டு," என்றார் வெந்தூரா. "தாடி?"

"இருக்கிற மாதிரியே. வெள்ளையா, சுருட்டையா. பார்த்ததும் ஆளு தெரியணும்."

"சரி. சொன்னதையெல்லாம் எழுதி முத்திரை வச்சிக் குடுங்க. நாளைக்கு நான் ஒண்ணு வரைஞ்சேன், நீங்க ஒண்ணு சொன்னீங்கன்னு பேச்சு வேணாம்."

பாந்தினோ எழுதி முத்திரை வைத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொன்னதை வரைந்து தொலைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். செருப்பு வேண்டுமா, சாவி எத்தனை என்று என் புருஷனுக்கு அவமானத்தைத் தைத்து அளவு பார்க்கிறாரே என்று இருந்தது. பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். சுவர் வேலை ஈரச் சுண்ணாம்பில் நடப்பது. ஆனாலும் தாடி, நீலச்சட்டை, முகத்தின் கடைசிப் பூச்சு இவையெல்லாம் காய்ந்த பிறகு முட்டையில்தான். பஞ்சத்தில் வயல்கோழி ஊரிலேயே என்னிடம் மட்டும்தான் மூன்று மிச்சம் இருந்தன.

"வயல்முட்டை நாலு குடு, தெஸ்ஸா," என்றார்.

"யார் மூஞ்சிக்கு?"

"தெரிஞ்சுகிட்டே கேக்குற."

நான்கு முட்டையையும் எடுத்து வந்து ஒவ்வொன்றாக அவர் தலையில் உடைத்தேன். பஞ்சத்தில் அது பெரிய பாவம். கரு அவர் காது வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அவர் நகரவில்லை.

"அம்பது வயசு ஆம்பள மூஞ்சிக்கு ஊர்முட்டை ஆகாது. வெளுத்துப் போயிரும்," என்றார்.

"போய்யா. உன் கையும் வெளுத்துப் போகட்டும்," என்றேன்.

பன்னிரண்டு நாள் மண்டபச் சுவரில் ஓலைத்தட்டி கட்டி வேலை பார்த்தார். சந்தை நாள் காலையில் தட்டியைப் பிரிப்பதாகத் தண்டோரா போட்டார்கள். அவமானப் படம் திறக்கும்போது அழுகல் வெங்காயமும் சேறும் வீசுவது வழக்கம். போக வேண்டாம் என்று மகள் அழுதாள். போனேன். என் புருஷன் மேல் முதல் சேற்றை யார் வீசுகிறான் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் எனக்கு. கசாப்புக்கார நூத்தோ முதல் வரிசையில் இரண்டு கையிலும் வெங்காயத்தோடு நின்றான். ஊரில் எந்த அவமானப் படத்துக்கும் அவன்தான் துவக்கி வைப்பான்.

தட்டி விழுந்தது. நூத்தோ கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

நட்ட கம்பும் குறுக்குக் கட்டையுமாக ஒரு மரம். அதில் இரண்டு காலும் மேலே, தலை கீழே. வெறுங்கால். நீல அங்கி, அதன் மேல் மஞ்சள் போர்வை. வெள்ளைச் சுருட்டைத் தாடி. கையில் இரண்டு சாவி. காலை வெயில் சுவரோடு சாய்ந்து வந்தபோது, தலையைச் சுற்றிச் சுண்ணாம்பில் கீறிய ஒரு வட்டம் மெல்லத் தெரிந்தது.

எங்கள் ஊரில் எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். படம் படிக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆண்டவர் விண்ணகத்துச் சாவிகளை யாரிடம் கொடுத்தார், யாரைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்தார்கள், மஞ்சளும் நீலமும் யாருடைய உடுப்பு என்று பால் மறக்காத குழந்தைக்கும் தெரியும். அத்தனையையும் நகரசபையே தன் வாயால் சொல்லி, எழுதி, முத்திரையும் வைத்துக் கொடுத்திருந்தது.

நூத்தோ வெங்காயத்தைக் கீழே போட்டான். தொப்பியை எடுத்தான். "ராயப்பரே, மன்னிச்சிரும்," என்று சேற்றிலேயே முட்டி போட்டான். அவன் பின்னால் சந்தையே முட்டி போட்டது. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ராயப்பரின் முகம் லாந்தோவின் முகமாக இருந்தது. பத்து வயது குறைந்த, வெளுத்த லாந்தோ. நான் உடைத்த முட்டையின் குறை அது. அங்கேயே வாய்விட்டு அழுதேன்.

அன்றைக்கே வெந்தூராவை மண்டப முற்றத்தில் நிறுத்தினார்கள். எங்கள் நகரத் தலைவர் எப்போதும் வெளியூர்க்காரர், ஆறு மாதத்துக்கு ஒருவர் வருவார். இவர் வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. கூட்டத்தோடு நானும் நின்றேன்.

"என்னய்யா வரைஞ்சு வச்சிருக்க?" என்றார் தலைவர்.

"லாந்தோவ."

"ஊரே முட்டி போட்டுக் கும்பிடுது."

"நான் கும்பிடச் சொல்லலீங்க. உத்தரவு இந்தா இருக்கு. இதுல இல்லாதது படத்துல ஒண்ணு இருந்தாலும் சொல்லுங்க."

பாந்தினோ முந்திக்கொண்டான். "தலையச் சுத்தி வட்டம் இருக்கே."

"அது அளவு. ஆணி அடிச்சு நூல் சுத்தினா வட்டம் விழும். அளவு பாக்காம தலை வரையுறவன் ஓவியனா?"

"மாத்தி வரை," என்றார் தலைவர்.

"மாத்துறேன். எதைன்னு சொல்லுங்க. சாவிய எடுத்தா குத்தம் என்னன்னு தெரியாது. தலைய நிமித்தினா அவமானம் போயிரும். தாடிய எடுத்தா ஆளே வேற. மஞ்சள எடுத்தா துரோகி இல்ல. எது வேணாம்னு எழுதி முத்திரை வைங்க."

தலைவர் பாந்தினோவைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

வெந்தூராவைப் பதினோரு நாள் நிலவறையில் போட்டார்கள். குற்றத்தை ரத்து செய்யாமலே, வழக்கத்தை மீறிச் சுண்ணாம்பு அடித்து அழிக்க ஆள் தேடினார்கள். ஊரின் இன்னொரு ஓவியனுக்குத் திடீரென்று கை வீங்கிவிட்டது. கொத்தனார்களுக்கெல்லாம் இடுப்பு பிடித்துக்கொண்டது. புனிதரின் முகத்தில் சுண்ணாம்பு பூச எவனுக்குத் துணிச்சல்? சுவரடியில் மெழுகுவர்த்தி ஏறிக்கொண்டே போனது. நூத்தோ இப்போது வேறு பாட்டுப் பாடினான். "ராயப்பரும் கதவத் திறந்துவிடுறவர்தான். லாந்தோவும் அதைத்தான செஞ்சான்? ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம், சொல்லு," என்று கறி வாங்க வந்தவர்களையெல்லாம் மடக்கினான்.

ஜூன் கடைசியில் இராயப்பர் திருநாள் வந்தது. பிழைத்துப் போன நாற்பத்து மூன்று பேரும் தங்கள் கிராமங்களையே கூட்டிக்கொண்டு மெழுகுவர்த்தியோடு வந்து மண்டபத்துக்கு முன்னால் நின்றார்கள். சபைக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவரைக்காய் விதையைப் பையில் போட்டு வாக்கெடுத்தார்கள். கறுப்பு விதை சம்மதம், வெள்ளை மறுப்பு. படத்தை அழிக்க வேண்டுமானால் குற்றத்தை ரத்து செய்தாக வேண்டும், வேறு வழி இல்லை. பையில் ஐந்தே ஐந்துதான் வெள்ளை. லாந்தோ விடுதலை. அவமானத்தை வரைந்த கையே அதை அழிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

வெந்தூரா உளியோடு ஏணியில் ஏறினார். படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது. லாந்தோ, கிழக்கு வாசல் காவலன், துரோகி. கடைசி வார்த்தையை மட்டும் செதுக்கி எடுத்தார். இறங்கி உளியைத் துடைத்தார்.

"மத்தது?" என்றான் பாந்தினோ.

"அவமானத்த அழிக்கணும்னுதான எழுதியிருக்கு? அழிச்சாச்சு. மத்ததெல்லாம் ராயப்பர். அவர அழிக்கச் சொல்லி ஒரு உத்தரவு எழுது, உன் பேரும் போட்டு. பாக்கலாம்."

பாந்தினோ எழுதவில்லை. வேறொன்று எழுதினான். உயிரோடோ பிணமாகவோ வெந்தூரா இனி மதிலுக்குள் வரக்கூடாது. மாதா கோயிலின் பெரிய பீடத்துக்கு அவர் பாதி முடித்திருந்த படம் வேறு ஆளிடம் போனது. அவர் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட வேலை அது. வண்ணம் அரைக்கும் கல்லையும் தூரிகைகளையும் கழுதையில் ஏற்றிக்கொண்டு கிழக்கு வாசல் வழியாக வெளியேறினார். கூடையோடு பின்னால் ஓடினேன்.

"மேஸ்திரி, அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா? சந்தைக்கு மணி அடிச்ச மாதிரி ஆயிருக்கும்," என்றார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் கைக்கா, தலைக்கா?"

கைக்குத்தான் கொடுத்தேன். அதன் பிறகும் ஒன்பது வருடம் கொடுத்தேன், மதிலுக்கு வெளியே நடந்து போய். வழியோரச் சிற்றாலயங்களிலும் களத்துமேட்டுச் சுவர்களிலும் அவர் வரைந்தார். கிராமத்து மாதாக்களுக்கு வேண்டுமென்றே வயல்முட்டை வாங்குவார். "இவங்க மாதா வெயில்ல நிக்கிறவதான்," என்பார். பொன் இல்லை, உயர்ந்த நீலம் இல்லை. மாதாவின் கன்னம் மட்டும் சிவந்திருக்கும்.

லாந்தோ திரும்பி வந்தார். சுவருக்கு முன் நின்று தலையை வளைத்து வளைத்துப் பார்த்தார். "என்னை இம்புட்டு இளசா போட்டிருக்காரு?" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. மகளுக்குக் கல்யாணம் முடிந்தது, கதவைச் சாத்திய அந்த வீட்டில் இல்லை, அதைவிட நல்ல இடத்தில். கிழக்கு வாசலின் பழைய பூட்டு வேறு எவன் கைக்கும் மசியாததால் இரண்டாம் வருடம் சாவிகளை லாந்தோவிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

போன அறுவடையில் வெந்தூரா காய்ச்சலில் செத்தார். பெண்டாட்டி பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று பேரில் உயிரோடு இருந்த முப்பத்தாறு பேரும் முறை போட்டுத் தூக்கி, நடுப்பகலில் பாடையைக் கிழக்கு வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். உள்பக்கம் லாந்தோ, பக்கத்தில் நான். பழைய உத்தரவைச் சுருட்டிப் பிடித்தபடி பாந்தினோ மூச்சிரைக்க ஓடி வந்தான். அவனுக்கும் வயதாகிவிட்டது.

"லாந்தோ, எட்டிப் போ. பொணமாவும் வரக்கூடாதுன்னு எழுதியிருக்கு. திறந்தா மறுபடி துரோகி. மறுபடி சுவர்ல தொங்குவ."

லாந்தோ இடுப்பிலிருந்து இரண்டு சாவியையும் எடுத்தார். சின்னதைத் திரும்ப இடுப்பில் செருகினார்.

"தொங்கவிடு. ரெண்டு காலையும் கட்டி நல்லா தொங்கவிடு. வரையுற ஆளு வெளிய பாடையில கெடக்கான், அவன்கிட்ட போய் உத்தரவு குடு."

அன்றைக்குத் திட்டிவாசலில் துவக்கியவர் இந்த முறை பெரிய கதவையே திறந்தார்.